கதவில்லாத அறைக்கு வாடகை இல்லை

ஞானம்பிகை இத்தாலியச் சட்டத்தின் கண்ணுக்கு ஒரு வீட்டு வேலைக்காரி. கிழமைக்கு இருபத்தைந்து மணித்தியாலம் தூசு தட்டுவார், தரை துடைப்பார், ஒரு வயோதிபப் பெண்ணுக்குத் துணையிருப்பார் என்று அவருடைய வேலைப் பத்திரம் சொல்கிறது. குவெஸ்தூரா என்னும் பொலிஸ் தலைமையகத்தில் பெர்மெஸ்ஸோ என்னும் வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு தடவையும் அவர் நீட்டுவது அந்தப் பத்திரத்தைத்தான். அதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை, உண்மையும் இல்லை.

உண்மை என்னவென்றால், பலெர்மோவில் ஒரேத்தோ ஆற்றுக்கு அப்பால், ஒரு பிரபு நூற்றைம்பது வருடங்களுக்கு முன் உண்டாக்கிய எலுமிச்சைத் தோட்டத்தின் மிச்சத்தைப் பத்தொன்பது வருடமாக ஆண்டுவருபவர் அவர்தான். மிச்சம் என்றால் பெரிதாக எண்ண வேண்டாம். பதினொரு எலுமிச்சை மரம். கல் பாவிய முற்றம். முற்றத்தைச் சுற்றி, அந்தக் காலத்தில் தோட்டக் கூலிகள் குடும்பத்தோடும் கோழிகளோடும் அடைந்து கிடந்த பதினேழு ஒற்றை அறைகள். குதிரை இல்லாத ஒரு வண்டிக் கொட்டகை. பெரிய வாசல் வளைவுக்கு மேலே இரண்டு அறைகள். மற்ற மரங்கள் நின்ற இடமெல்லாம் இப்போது ஏழு மாடி வீடுகள். அவற்றின் மாடங்களில் பிளாஸ்டிக் எலுமிச்சை தொங்குகிறது.

பதினேழு அறையிலும் குடியிருக்கிறார்கள். பெரும்பாலும் யாழ்ப்பாணத்தார், இத்தாலிய எசமானிகளான சிஞ்ஞோராக்களின் வீடு துடைப்பவர்கள், உணவகங்களில் கோப்பை கழுவுபவர்கள். மொரீசியஸ்காரனான பூபாலெனும் அவன் மனைவி கொலெட்டும் ஓர் அறையில். சந்தையில் நத்தை விற்கும் சிசிலியக் கிழவர் மிம்மோ இன்னோர் அறையில். சொந்த ஊரிலேயே வெளிநாட்டுக்காரராக வாழும் பாக்கியம் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. மாத வாடகை நூற்றெண்பது யூரோ. வளைவுக்கு மேலே உள்ள இரண்டு அறைகளில் ஞானம்பிகை, வாடகை இல்லாமல்.

குடியிருப்பவர்கள் முதுகுக்குப் பின்னால் அவரைப் ‘பறோனெஸ்ஸா’, அதாவது பிரபுச் சீமாட்டி, என்பார்கள். தோட்டத்தின் சொந்தக்காரியான உண்மையான பறோனெஸ்ஸாவுக்குத் தொண்ணூற்று மூன்று வயது. நகரத்தின் நடுவில், மின்தூக்கி வேலை செய்யாத ஒரு மாடி வீட்டில் இருக்கிறார். தோட்டத்தை நிர்வகித்த கடைசி மனிதர் இறந்த மாதத்தில், வேறு ஆள் அகப்படாமல், தரை துடைத்துக்கொண்டிருந்த ஞானம்பிகையைக் கூப்பிட்டு, போய் வாடகை உறைகளை வாங்கி வரச் சொன்னார். ஞானம்பிகை போனார். முன்பிருந்த நிர்வாகி மாதம் எட்டு உறை கொண்டுவருவார். ஞானம்பிகை பதினேழு கொண்டுவந்தார். அதற்குப் பிறகு பறோனெஸ்ஸா வேறு ஆள் தேடவில்லை. வேலைப் பத்திரத்தையும் மாற்றவில்லை. மாற்றியிருந்தால் சம்பளத்தையும் மாற்ற வேண்டி வந்திருக்கும்.

பதினேழு உறையின் இரகசியம் ஒரு புத்தகம். பறோனெஸ்ஸாவின் பூட்டனார், தோட்டத்தை உண்டாக்கிய அதே பிரபு, தன் கையால் எழுதிய நாற்பத்தொரு ஒழுங்குகள். பின்னேரங்களில் பறோனெஸ்ஸா உருப்பெருக்கிக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு அதை உரத்து வாசிப்பார். கேட்டுக்கொண்டே ஞானம்பிகை அவருடைய காலுக்கு எண்ணெய் பூசுவார். ஏழாம் ஒழுங்கை முதல் தடவை கேட்டபோது எண்ணெய் பூசிய கை நின்றுவிட்டது. “சுவர் கடவுளின் மண். கூரை என் ஓடு. கதவு என் தச்சனின் கூலி. மூன்று மாதம் வாடகை தராதவன் என் தச்சனின் கூலியைத் தின்கிறான். அவன் கதவு கழற்றப்படும்.”

மறு கிழமையே ஞானம்பிகை ஒரு கதவைக் கழற்றுவித்தார். அந்த அறைக்காரன் அன்று பின்னேரமே கடன் வாங்கிக் காசைக் கொண்டுவந்தான். சட்டத்தரணியின் கடிதத்துக்கு ஆறு மாதம். கதவுக்கு ஆறு மணித்தியாலம். இது சட்டவிரோதம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஓர் அறைக்காவது பதிந்த ஒப்பந்தம் கிடையாது. வாங்குபவருக்கு வரி அலுவலகத்துப் பயம், கொடுப்பவருக்கு வேறு அலுவலகத்துப் பயம். இரண்டு பக்கமும் மறைக்க ஏதாவது இருக்கும் இடத்தில் நீதிக்கு வேலை குறைவு.

கதவைத் தூக்குவது பூபாலென். தோள் அகன்றவன், ஒருமுறை தன் சொந்தக் கதவையே தூக்கிக்கொண்டு போய்க் கொட்டகையில் சாத்தியிருக்கிறான், சம்பளம் வந்த அன்று தானே கொண்டுவந்து மாட்டியுமிருக்கிறான். கழற்றுவதற்கு முன் ஞானம்பிகை நிலையில் சந்தனமும் குங்குமமும் வைத்துக் கும்பிடுவார். “நிலையிலை இலட்சுமி இருக்கிறா. நிலையைத் தொட்டால்தான் பாவம். கதவிலை கரையான்தானே இருக்கு” என்பது அவர் வைத்திருக்கும் வேதாந்தம்.

இவ்வளவு கறாரான நிர்வாகத்தில் ஓர் ஓட்டை இருந்தது. அதன் பெயர் ராகுகாலம்.

ராகுகாலத்தில் ஞானம்பிகை கதவைத் தொடமாட்டார், காசும் வாங்கமாட்டார். “ராகுகாலத்திலை வாற காசு கையிலை நிக்காது” என்று அவரே பதினேழு அறைக்கும் சொல்லிவைத்திருந்தார். சமையலறையில் அவர் தொங்கவிட்டிருந்த, யாழ்ப்பாணத்தில் அச்சடித்த கலண்டரை ஒரு தடவை எட்டிப் பார்த்தவர்கள் எல்லோரும் பாடமாக்கிவிட்டார்கள். பாக்கிக்காரர்கள் திங்கட்கிழமை காலை ஏழரைக்கும் ஒன்பதுக்கும் இடையில் முற்றத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உலாவினார்கள். மிம்மோவுக்குத் தமிழில் தெரிந்த ஒரே சொல் அதுதான். படியில் ஞானம்பிகையின் செருப்புச் சத்தம் கேட்டால் போதும், உள்ளே இருந்தபடி “ராகு, சிஞ்ஞோரா, ராகு!” என்று கத்துவார். ராகு என்பவர் குடியிருப்பவர்களைக் காக்கும் தமிழ்ப் புனிதர் என்று அவர் நெடுங்காலமாக நம்பி வந்தார். நடைமுறையில் அது பிழையும் இல்லை.

ஓட்டையைப் பெரிதாக்கியது ஞானம்பிகையின் மகள் சாம்பவி. அவள் வட இத்தாலியில், ரெஜ்ஜோ எமிலியாவில் இருக்கிறாள். கலியாணம் முடித்து இரண்டு பிள்ளைகள். ஒரு கோடை விடுமுறைக்கு வந்தபோது தாயின் போனில் ஒரு செயலியைப் போட்டுக்கொடுத்தாள். பலெர்மோவில் சூரியன் எப்போது எழும்புகிறதோ அதிலிருந்து எண்ணிப் பலெர்மோவுக்கென்றே ராகுகாலம் சொல்லும் செயலி.

“அம்மா, உங்கடை கலண்டர் யாழ்ப்பாணத்துச் சூரியனுக்கு. இஞ்சத்தைச் சூரியன் வேறை நேரத்துக்கெல்லோ எழும்புது.”

“ராகு என்ன, பிளேனிலை வந்து இறங்கி மணிக்கூட்டைத் திருப்பி வைக்கிறவரோ? அவருக்கு எல்லா இடமும் ஒரு நேரம்தான்.”

ஞானம்பிகை கலண்டரை விட்டு அசையவில்லை. ஆனால் செயலியின் செய்தி முற்றத்தில் பரவிவிட்டது. அதன் பிறகு பாக்கிக்காரர்கள் தேவைக்கு ஏற்றபடி ஊர் ராகு, பலெர்மோ ராகு என்று இரண்டு ராகுவை வைத்துக்கொண்டார்கள். கலண்டர் இரண்டுபட்டால் கடன்பட்டவனுக்குக் கொண்டாட்டம். பலெர்மோக் கணக்கோடு வருகிறவர்களை ஞானம்பிகை நாத்திகர்களைப் போலப் பேசி விரட்டினார். ஊர்க்கணக்கு ஒன்றுதான் கணக்கு.

இப்படி இருந்தும் பத்தொன்பது வருடமும் ஓகஸ்ட் முப்பத்தோராம் தேதி கணக்குக் கொப்பியின் பாக்கிப் பக்கம் வெறுமையாக இருந்தது. இருந்தே ஆக வேண்டும். ஏனென்றால் இரண்டாம் ஒழுங்கு இப்படிச் சொல்கிறது: “ஓகஸ்ட் கடைசி நாளில் பாக்கிப் பக்கம் வெறுமையாக இருக்கும்வரை நிர்வாகி வாசலுக்கு மேலே குடியிருக்கலாம். ஒரு பெயர் இருந்தாலும் மறுநாள் இறங்க வேண்டும்.”

இறங்கினால் எங்கே போவது என்பதில் ஞானம்பிகைக்குச் சந்தேகமே இல்லை. அதுதான் பயம். சாம்பவி மாதத்துக்கு ஒருமுறை போனில் அழைப்பாள்: “ஏனம்மா தனியக் கிடந்து கஷ்டப்படுறியள்? இஞ்சை வாங்கோ. பிள்ளையளின்ரை அறையிலை மேல்கட்டில் சும்மாதான் கிடக்கு.” பேரப்பிள்ளைகள் மேல் ஞானம்பிகைக்கு உயிர்தான். ஆனால் பதினேழு குடும்பத்தை நடுங்கவைத்த ஒரு பெண், அறுபத்திரண்டு வயதில், ஏணி பிடித்து ஏறி, கூரையில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் நட்சத்திரங்களைப் பார்த்துக்கொண்டு படுப்பதற்கு உயிர் மட்டும் போதாது. வாசலுக்கு மேலே அவருக்கு இரண்டு அறை, ஒரு பிள்ளையார், நகரத்தின் காவல் புனிதையான ஒரு சாந்த ரொசாலியா, தனக்கென்று ஒரு சாவி. சாவி முக்கியம்.

அந்த இரண்டு அறையின் மேல் இன்னொருவருக்கும் கண் இருந்தது. பறோனெஸ்ஸாவின் சகோதரன் மகன், தொழில் சட்டத்தரணி. எல்லோரும் அவரை அவ்வொக்காத்தோ என்றே கூப்பிடுவார்கள். எலுமிச்சை மரங்களைப் பார்த்தபடி இருக்கும் அறைகளைச் சுற்றுலாக்காரருக்கு ஓர் இரவுக்கு நூற்றிருபது யூரோவுக்கு விடலாம் என்று அவர் கணக்குப் பார்த்திருந்தார். பத்தொன்பது வருடமாகத் துப்பரவாக இருக்கிற பக்கத்தில் ஒரே ஒரு பெயர் விழுந்தால் போதும்.

பெயர் விழ ஒப்புக்கொண்டவர் பத்மநாதன். ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் உணவகத்தில் கோப்பை கழுவுபவர். எட்டாம் இலக்க அறை. யூன், யூலை, ஓகஸ்ட் மூன்று மாதமும் தரவில்லை. ஐந்நூற்று நாற்பது யூரோ. கேட்கும்போதெல்லாம் முகம் மலர்ந்து, “அக்கா, சனிக்கிழமை முதலாளி தாறார், அப்பிடியே கொண்டுவந்து உங்கடை கையிலை வைப்பன்” என்றார். சனிக்கிழமை வந்தது. “திங்கள் விடிய, அக்கா. கட்டாயம்.” திங்கட்கிழமைதான் ஓகஸ்ட் முப்பத்தொன்று. அன்று காலை எட்டரைக்கு அவ்வொக்காத்தோ பறோனெஸ்ஸாவையும் ஏற்றிக்கொண்டு பாக்கிப் பக்கத்தைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். மற்ற வருடங்களில் பதினொரு மணிக்கு வருபவர், இந்த வருடம் மட்டும் எட்டரைக்கு ஏன் வருகிறார் என்று ஞானம்பிகை யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

திங்கள் காலை ஏழு இருபத்தைந்துக்கு எட்டாம் இலக்கக் கதவைத் தட்டினார். பதில் இல்லை. திரும்பத் தட்டினார். உள்ளே தண்ணீர் ஓடும் சத்தம், தொண்டை செருமும் சத்தம், பிறகு ஒரு சினிமாப் பாட்டின் முனகல். ஏழு முப்பத்தொன்றுக்குக் கதவு திறந்தது. பத்மநாதன் சாரத்தோடு, கையில் பற்தூரிகையோடு நின்றார்.

“காசை எடும்.”

“ஐயோ அக்கா, இப்பதான் மணிக்கூட்டைப் பாத்தன். ராகுகாலம் தொடங்கிட்டுது.” முகம் நிறையக் கவலை. “ராகுகாலத்திலை குடுத்தால் உங்கடை கையிலை நிக்காதெண்டு நீங்கள்தானே சொன்னனியள். ஒன்பதுக்குப் பேந்து வாங்கோ. அப்பிடியே தாறன்.”

ஞானம்பிகையின் சொந்தச் சட்டமே நிலைக்குக் குறுக்கே கையைக் கட்டிக்கொண்டு நின்றது.

பக்கத்து ஜன்னலில் மிம்மோவின் தலை தெரிந்தது. அவர் சந்தைக்கு நத்தை கொண்டுபோக ஆயத்தமாகிக்கொண்டிருந்தார். “சிஞ்ஞோரா, வெள்ளிக்கிழமை அவ்வொக்காத்தோ இவனுக்குக் கோப்பி வாங்கிக் கொடுத்ததை நான் பார்த்தேன்” என்றார். “ஒரு வக்கீல் தன் காசில் கோப்பி வாங்கிக் கொடுத்தால், குடிப்பவனுக்கு ஏதோ நோய் என்று அர்த்தம்.”

பத்மநாதனின் பற்தூரிகை வாயிலேயே நின்றுவிட்டது.

“மூண்டு மாதத்தையும் விட்டுத்தாறன் எண்டவரோ?” ஞானம்பிகை மெதுவாகக் கேட்டார்.

“அக்கா… ஐந்நூற்று நாப்பது யூரோ. நீங்கள் எண்டாலும் யோசிப்பியள்.”

ஞானம்பிகை யோசித்தார். ஒரு நிமிடம் முழுக்க முற்றத்தின் நடுவில் நின்று யோசித்தார். யோசனையில் ஏணி ஒன்று தெரிந்தது, மேல்கட்டில் தெரிந்தது, பிளாஸ்டிக் நட்சத்திரம் தெரிந்தது. பிறகு ஒரு பின்னேரத்தில் எண்ணெய் பூசிக்கொண்டு கேட்ட ஒழுங்கு ஒன்று ஞாபகம் வந்தது. பதினாலாம் ஒழுங்கு. அதைப் பயன்படுத்த வேண்டுமென்றால் அவ்வொக்காத்தோ வருவதற்குள் இந்தக் கதவு கொட்டகையில் நிற்க வேண்டும்.

இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்தார். மகள் போட்டுக்கொடுத்த செயலியை முதன்முறையாகத் திறந்தார். பலெர்மோவில் அன்றைக்குச் சூரியன் எழும்பியது ஆறு முப்பத்து மூன்று. பலெர்மோ ராகு தொடங்குவது எட்டுப் பதினொன்று.

“பூபாலென்!” முற்றம் அதிர்ந்தது. “இஞ்சை வா. கதவு!”

பூபாலென் காற்சட்டையை இழுத்துக்கொண்டு ஓடி வந்தான். வந்தவன் கதவைப் பார்த்தான், சூரியனைப் பார்த்தான், ஞானம்பிகையைப் பார்த்தான். “மதாம், ராகு?”

“இண்டைக்கு எட்டுப் பதினொண்டுக்குத்தான் ராகு.”

“எந்தக் கணக்கு, மதாம்?”

“பலெர்மோக் கணக்கு. தூக்கு.”

பதினாறு கதவுகளும் திறந்திருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு தலை. ஐந்தாம் இலக்கத்துக் குகனேஸ்வரி, போன மாசிமாதம் பலெர்மோக் கணக்குச் சொன்னதற்காகப் பிள்ளைகளுக்கு முன்னால் பேச்சு வாங்கியவள், புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஞானம்பிகை ஒருவரையும் பார்க்கவில்லை. சந்தனக் கிண்ணத்தோடு வந்து நிலைக்கு முன்னால் குனிந்தார்.

பத்மநாதனுக்கு இப்போதுதான் உண்மையாகக் கோபம் வந்தது. “கழட்டுங்கோ அக்கா, நல்லாக் கழட்டுங்கோ. தொண்ணூறிலை உங்கடை தெல்லிப்பழை வீட்டுக் கதவு, ஜன்னல் எல்லாத்தையும் ஆமிக்காரன் கழட்டிக்கொண்டு போனவன் எண்டு எத்தினை தரம் அழுதழுது சொன்னனியள். இப்ப நீங்கள் எங்கடையைக் கழட்டுறியள்.”

சந்தனம் தோய்ந்த விரல் நிலைக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. பிறகு போய் நிலையில் பட்டது. வழமையாகக் கடலைப் பருப்பளவில் வைக்கும் பொட்டு அன்று அப்பளம் அளவுக்கு விழுந்தது.

“அவன் சந்தனம் வைச்சிட்டே கழட்டினவன்?” என்றார் ஞானம்பிகை.

ஏழு ஐம்பதுக்குக் கதவு கீலிலிருந்து எழும்பியது. எட்டுக்குக் கொட்டகையில் சாத்தப்பட்டிருந்தது.

எட்டரைக்கு வந்த அவ்வொக்காத்தோ நல்ல உடுப்புப் போட்டிருந்தார். கூட ஓர் அளவுநாடாவும் கொண்டுவந்திருந்தார், மேலறைகளை அளக்க. பறோனெஸ்ஸாவை எலுமிச்சை மரத்துக்குக் கீழே ஒரு கதிரையில் இருத்தினார்கள். மடியில் பூட்டனாரின் புத்தகம். ஞானம்பிகை பாக்கிப் பக்கத்தைக் கொண்டுவந்து நீட்டினார். வெறுமை.

“எட்டாம் இலக்கம் மூன்று மாதம் தரவில்லையே!” என்றார் அவ்வொக்காத்தோ, எப்படித் தெரியும் என்று யாராவது கேட்பார்கள் என்பதை மறந்து.

“க்வாத்தொர்திச்சி,” என்றார் ஞானம்பிகை பறோனெஸ்ஸாவிடம். பதினாலு. அவருடைய இத்தாலியனில் வினைச்சொற்கள் நொண்டும், எண்கள் நொண்டுவதில்லை.

பறோனெஸ்ஸாவின் முகத்தில் பத்து வயது குறைந்தது. பக்கத்தைப் புரட்டாமலே, கண்ணை மூடிக்கொண்டு, முற்றம் முழுவதற்கும் கேட்கும்படி சொன்னார்: “கதவில்லாத அறை வெறும் அறை. அதற்குள் ஆள் இருப்பதாகக் கருதப்படாது. வெறும் அறைக்கு வாடகை இல்லை, பாக்கியும் இல்லை.”

பூட்டனார் அதை எழுதியது வரிக்காரருக்காக. அவர்கள் வரும் நாளில் பாதிக் கதவுகளைக் கழற்றிவைத்து, அறையெல்லாம் காலி என்று காட்டுவாராம். பெரிய குடும்பங்களில் பொய்கூடத் தோலில் கட்டிப் பாதுகாக்கப்படுகிறது.

“ஆனால் ஸியா, ஆள் உள்ளேதான் நிற்கிறான்!” அவ்வொக்காத்தோ அத்தையிடம் எட்டாம் இலக்கத்தைக் காட்டிக் கையை நீட்டினார். “பல் விளக்கிக்கொண்டு நிற்கிறான்!”

பறோனெஸ்ஸா உருப்பெருக்கியைத் தூக்கி எட்டாம் இலக்கத்தின் திசையில் பிடித்தார். கதவில்லாத நிலையில், சாரத்தோடு, ஒரு மணித்தியாலம் ஆகியும் வாயில் அதே நுரையோடு நின்ற பத்மநாதனை ஆறுதலாகப் பார்த்தார்.

“நான் யாரையும் காணவில்லை” என்றார்.

பாக்கிப் பக்கம் வெறுமை என்று அவ்வொக்காத்தோ அதன் அடியில் கையெழுத்து வைத்தார். அளவுநாடா காரிலேயே இருந்துவிட்டது.

அன்று பகல் முழுவதும் ஞானம்பிகை ராகுவின் பதிலுக்காகக் காத்திருந்தார். ஊர்க்கணக்கை ஏமாற்றியிருக்கிறோம், ஏதாவது நடக்கும். படியில் கம்பியைப் பிடித்து இறங்கினார். காஸ் அடுப்பை இரண்டு தடவை நிறுத்திப் பார்த்தார். சாம்பவிக்குப் போன் எடுத்துப் பிள்ளைகளுக்குக் காய்ச்சலா என்று கேட்டார். ஒன்றும் இல்லை. தண்டனை வராத குற்றம் ஆளைச் சோறு தின்ன விடாது.

தண்டனை செவ்வாய்க்கிழமை காலை, மிம்மோவின் உருவத்தில் வந்தது.

கொட்டகையில் பத்மநாதனின் கதவுக்குப் பக்கத்தில் இன்னொரு கதவு சாத்தியிருந்தது. மிம்மோ தானே கழற்றிக் கொண்டுவந்து வைத்திருந்தார். நிலையில் முறைப்படி பொட்டும் வைத்திருந்தார். சந்தனம் கிடைக்காததால் கடலை மாவைக் கரைத்து.

“இது என்ன?”

“வெறும் அறை, சிஞ்ஞோரா. நான் அதற்குள் இல்லை.”

“மூன்று மாதப் பாக்கி இருந்தால்தான் கதவைக் கழற்றலாம்!”

“அது நீங்கள் கழற்றுவதற்கு. ஏழாம் ஒழுங்கு. கதவை யார் கழற்ற வேண்டும் என்று பதினாலாம் ஒழுங்கு சொல்லவில்லையே.” நத்தை விற்கிறவருக்குள் ஒரு வக்கீல் இத்தனை வருடமும் குடியிருந்திருக்கிறார், அதுவும் வாடகை இல்லாமல்.

புதன்கிழமை குகனேஸ்வரி வந்தாள். “அக்கா, வெக்கையாக் கிடக்கு. எங்கடையையும் கழட்டி வைச்சிட்டம். குறை நினைக்காதேங்கோ.” பூபாலென் கூலியே கேட்காமல் எல்லோருக்கும் தூக்கிக் கொடுத்தான், கடைசியில் தன்னுடையதையும் தூக்கினான். செத்தெம்பர் முடிவதற்குள் கொட்டகையில் பதின்மூன்று கதவு. வாசல்களில் பழைய சேலைகள் ஆடின. பலெர்மோவில் செத்தெம்பர் இன்னொரு ஓகஸ்ட். அந்த வருடம் ஒத்தோபரும் அப்படியே காய்ந்தது. களவு போக அங்கே எதுவும் இருக்கவில்லை. பாக்கிப் பக்கம் பூட்டனார் காலத்திலும் இல்லாத வெறுமையில் பளபளத்தது. நான்கு உறை மட்டும் வந்தது. பறோனெஸ்ஸாவுக்கு உறையைவிடப் பக்கம்தான் முக்கியம். பக்கத்தைத் தடவித் தடவிப் பார்த்துச் சந்தோசப்பட்டார். ஞானம்பிகைக்குச் சம்பளம் அந்த உறைகளிலிருந்து கடைசியாக எடுக்கப்படுவது. கடைசி என்று ஒன்று அந்த இரண்டு மாதமும் வரவில்லை. பாக்கியே இல்லாத ஒரு தோட்டத்தை நடத்தி அவர் பட்டினிக்குக் கிட்டப் போய்க்கொண்டிருந்தார்.

ஒரு பின்னேரம் எண்ணெய் பூசி முடித்துவிட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். நாற்பத்தோராம் ஒழுங்குக்குப் பிறகு வெற்றுத்தாள்.

“சிஞ்ஞோரா, உங்கள் பூட்டனாருக்குப் பிறகு இந்த வீட்டில் ஒருவருக்கும் எழுத வராதா?”

பறோனெஸ்ஸா நிமிர்ந்து இருந்தார். தொண்ணூற்று மூன்று வயதில் அவரிடம் யாரும் எதையும் எழுதச் சொல்லியதில்லை. கையெழுத்து மட்டும்தான் கேட்டிருக்கிறார்கள். பேனை கொண்டுவரச் சொன்னார். ஞானம்பிகை சொல்லச் சொல்ல, நடுங்கும் கையால், பூட்டனாரின் நடையைப் பிசகாமல் எழுதினார். நாற்பத்திரண்டாம் ஒழுங்கு: “கொட்டகை என் கொட்டகை. அதில் நிற்கும் கதவு அங்கே குடியிருக்கிறது. குடியிருக்கும் கதவுக்கு, அது விட்டுவந்த அறையின் வாடகையே வாடகை. கொடுக்காதவன் கதவு கொட்டகையை விட்டு வெளியேறாது.”

ஞானம்பிகை அதை முற்றத்தில் ஒட்டினார். எல்லோரும் வாசித்துச் சிரித்தார்கள். “கதவு அங்கையே குடியிருக்கட்டும் அக்கா. சந்தோசமா இருக்கட்டும்” என்றார் பத்மநாதன். ஞானம்பிகை மேலே போய், ஜன்னலடியில் கதிரையைப் போட்டு, மலைப் பக்கத்து வானத்தைப் பார்க்கத் தொடங்கினார். பார்த்தபடியே மூன்று கிழமை பருப்புச் சோறு தின்றார்.

நொவெம்பர் நடுவில், ஒரு ஞாயிறு பின்னேரம், மலைக்கு மேலே மேகம் கறுத்தது. பிறகு காற்று வடக்கிலிருந்து திரும்பி வீசியது. விடியும்போது மழை முற்றத்துக் கல்லில் குதித்து, பதின்மூன்று வாசலாலும் உள்ளே போய், கட்டில்களுக்குக் கீழே செருப்புகளை மிதக்கவிட்டிருந்தது. சேலைகள் எல்லாம் நனைந்து நிலைகளோடு ஒட்டிக்கிடந்தன.

ஏழு நாற்பதுக்கு வாசலுக்கு மேலே உள்ள கதவை யாரோ தட்டினார்கள். ஞானம்பிகை தேத்தண்ணீர்க் கோப்பையோடு திறந்தார். படியில் பத்மநாதன், தலையிலிருந்து தண்ணீர் வழிந்தது. அவருக்குப் பின்னால் படி நெடுக மற்றவர்கள். குகனேஸ்வரி, பூபாலென், தலையில் நத்தைக் கூடையைக் கவிழ்த்த மிம்மோ. ஒவ்வொருவர் கையிலும் ஒரு பிளாஸ்டிக் பை, பைக்குள் உறை.

“செத்தெம்பர், ஒத்தோபர், நொவெம்பர். ஐந்நூற்று நாப்பது. எண்ணிப் பாருங்கோ,” என்றார் பத்மநாதன். குளிரில் பல் கிடுகிடுத்தது. “கதவைத் தாங்கோ அக்கா. கட்டில் நனைஞ்சு போச்சு.”

ஞானம்பிகை உறையைப் பார்த்தார். கலண்டரைப் பார்த்தார். தேத்தண்ணீரை ஒரு வாய் குடித்தார்.

“இண்டைக்குத் திங்கட்கிழமை. இப்ப ராகுகாலமெல்லோ, தம்பி. ஒன்பதுக்குப் பேந்து வாரும்.”

“ஐயோ அக்கா! எட்டு மணிக்குத்தானே ராகு. அண்டைக்கு என்ரை கதவைக் கழட்டேக்கை பலெர்மோக் கணக்கெண்டு சொன்னியள்!”

“ஓம்,” என்றார் ஞானம்பிகை. “கழட்டுறதுக்குப் பலெர்மோக் கணக்கு. பூட்டுறதுக்கு ஊர்க்கணக்கு.”

கதவைச் சாத்தினார். உள்ளே சாவி இரண்டு தடவை திரும்பும் சத்தம் படியில் நின்ற எல்லோருக்கும் கேட்டது.